ஒளிவிலகல் எண் எந்த வேகத்தைச் சொல்கிறது?

சாலையோரம் பொக்லைன் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுந்துபோவது நமக்குப் பழகிய செய்தி. அறுந்த இடத்தைத் தேடி வரும் ஊழியரின் கையில் ஓடிடிஆர் என்ற கருவி இருக்கும். இழையின் ஒரு முனையில் ஒளித்துடிப்பு ஒன்றைச் செலுத்தி, அது அறுந்த முனையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து, தூரத்தைத் திரையில் காட்டும் கருவி அது. நேரத்தைத் தூரமாக மாற்றுவதற்கு இழைக்குள் ஒளியின் வேகம் தெரிந்தாக வேண்டும். அதற்காக, ஒளிவிலகல் எண்ணைக் குறிக்கும் ‘ஐஓஆர்’ என்ற கட்டத்தில் ஊழியர் ஓர் எண்ணை இடுகிறார். வழக்கமான இழைக்கு, 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், அந்த எண் ஏறத்தாழ 1.468.

இயற்பியல் கையேட்டில் தூய சிலிக்கா கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தால், அதே அலைநீளத்துக்கு 1.444 என்றிருக்கும். கையேட்டை நம்பி அந்த எண்ணை இட்டால், 60 கிலோமீட்டரில் உள்ள அறுப்பைக் கருவி 61 கிலோமீட்டர் என்று காட்டும். பள்ளம் தோண்டும் குழு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். இழையின் மையப்பகுதியில் ஜெர்மேனியம் கலந்திருப்பதால் வரும் வேறுபாடு இதில் சிறு பங்குதான். பெரும்பங்குக்குக் காரணம் வேறு: இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு வேகங்களைப் பற்றிப் பேசுகின்றன.

வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தை ஊடகத்தில் அதன் வேகத்தால் வகுத்தால் கிடைப்பது ஒளிவிலகல் எண் என்று பள்ளியில் படிக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஊடகத்தில் ஒளிக்கு ஒரே ஒரு வேகம்தான் உண்டா என்ற கேள்வியை அந்த வரி எழுப்புவதே இல்லை. அதை எழுப்பி விடை காண இயற்பியலுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன.

முதலில் எளிய கணக்கைப் பார்த்துவிடலாம். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். 1983 முதல் மீட்டர் என்ற அலகே இந்த எண்ணைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு நீரின் ஒளிவிலகல் எண் 1.333. ஆகவே நீரில் வேகம் நொடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டர். வைரத்துக்கு 2.417, அதற்குள் 1,24,000 கிலோமீட்டர்தான். காற்றில் எண் 1.0003-ஐ ஒட்டி இருப்பதால் இழப்பு நொடிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மட்டுமே.

இந்த இடத்திலேயே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். பாடநூல்களில் வரும் ‘அடர்மிகு ஊடகம்’ என்ற சொல்லைக் கண்டு, எடை மிகுந்த பொருளில் ஒளி மெதுவாகப் போகும் என்று மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். தேங்காய் எண்ணெய் நீரில் மிதக்கிறது. அதன் ஒளிவிலகல் எண்ணோ சுமார் 1.45. நீரைவிட லேசான எண்ணெயில்தான் ஒளி நீரில் இருப்பதைவிட மெதுவாகச் செல்கிறது. அதிர்வெண் பற்றியும் ஒரு சொல். நீருக்குள் நுழையும் ஒளியின் அதிர்வெண் மாறுவதில்லை. வேகம் குறைந்த அளவுக்கு அலைநீளம்தான் சுருங்குகிறது.

ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை மனிதர்கள் அதன் வேகத்தை அறிவதற்கு வெகுகாலம் முன்பே அளந்துவிட்டார்கள். தாலமி நீரிலும் கண்ணாடியிலும் விலகுகோணங்களை அட்டவணைப்படுத்தினார். பாக்தாதில் இப்ன் சஹ்ல் 984-ஐ ஒட்டி எழுதிய நூலில் இன்றைய விதிக்குச் சமமான வடிவியல் இருக்கிறது. 1621-இல் நெதர்லாந்தின் ஸ்நெல் அதை மீண்டும் கண்டார். 1637-இல் தெக்கார்த் அச்சில் வெளியிட்டார். படுகோணத்தின் சைனை விலகுகோணத்தின் சைனால் வகுத்தால் மாறாத எண் ஒன்று வருகிறது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சண்டை மூண்டது.

ஒளி துகள்களால் ஆனது என்று கொண்ட நியூட்டனின் விளக்கம் இது: நீரின் பரப்பை நெருங்கும் துகளை நீர் உள்நோக்கி இழுக்கிறது. பரப்புக்குச் செங்குத்தான திசையில் துகளின் வேகம் கூடுகிறது, பாதை செங்கோட்டை நோக்கி வளைகிறது. ஆகவே நீரில் ஒளி 1.333 மடங்கு விரைவாகச் செல்ல வேண்டும். ஒளி அலை என்ற ஹைகன்ஸ் 1690-இல் வெளியிட்ட நூலில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: அலைமுகத்தின் முதலில் நுழைந்த பகுதி மெதுவாவதால்தான் அலைமுகம் திரும்புகிறது, எனவே நீரில் வேகம் 1.333-ஆல் வகுபட வேண்டும். அவருக்கு முன்பே ஃபெர்மா, ஒளி மிகக் குறைந்த நேரம் பிடிக்கும் பாதையைத் தேர்கிறது என்ற கொள்கையிலிருந்து இதே முடிவுக்கு வந்திருந்தார். வியப்பு என்னவென்றால், இரு தரப்பின் கணக்கிலிருந்தும் அதே சைன் விதிதான் வருகிறது. கோணத்தை எத்தனை துல்லியமாக அளந்தாலும் இவர்களில் யார் சரி என்று சொல்ல முடியாது. வேகத்தையே அளந்தால்தான் உண்டு.

அதற்கான வழியை 1838-இல் பாரிஸில் அரகோ முன்வைத்தார்: விரைந்து சுழலும் கண்ணாடி. ஒளி போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி சிறிது திரும்பிவிடும், திரும்பிவந்த ஒளியின் பிம்பம் அதற்கேற்ப விலகி விழும். அரகோவின் கண்பார்வை மங்கிவிட்டதால் சோதனையை அவரால் செய்ய முடியவில்லை. 1850-இல் லியோன் ஃபூக்கோ செய்தார். சிறிய நீராவிச் சுழலி ஒன்று கண்ணாடியை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழற்றியது. ஒளியின் ஒரு பங்கு காற்று வழியாகவும், மற்றொரு பங்கு நீர் நிரப்பிய 3 மீட்டர் குழாய் வழியாகவும் போய்த் திரும்பின. நீர் ஒளியை மெதுவாக்குமானால், அந்த 3 மீட்டரைப் போக வரக் கடப்பதில் உண்டாகும் தாமதம் நொடியில் நூறு கோடியில் 7 பங்குதான். அவ்வளவு சிறிய நேரத்தில் கண்ணாடி திரும்பும் கோணத்தை ஃபூக்கோ உருப்பெருக்கி வழியே கண்ணால் பார்த்தார். நீர் வழி வந்த பிம்பம் காற்று வழி வந்ததைவிட அதிகம் விலகி நின்றது. நீரில் ஒளி மெதுவாகத்தான் செல்கிறது. சில வாரங்களில், ஒரு காலத்தில் அவருடன் சேர்ந்து உழைத்த ஃபீஸோ தனியாக அதையே உறுதிசெய்தார். இயற்பியலின் மிக நேர்த்தியான சோதனைகளில் ஒன்றாக இதை நான் மதிக்கிறேன். வேகத்தின் எண்மதிப்பே தேவைப்படாமல், எது முந்துகிறது என்ற ஒரே கேள்விக்குத் தெளிவான விடையைத் தந்த சோதனை இது.

இத்துடன் விஷயம் முடிந்ததாகவே பலரும் கருதினார்கள். 1880-களின் நடுவில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆல்பர்ட் மைக்கெல்சன் நீரிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் ஒளியின் வேகத்தை எண்களாகவே அளந்தார். நீருக்குக் காற்றோடு ஒப்பிட்டு 1.33 வந்தது, எதிர்பார்த்ததுதான். கார்பன் டைசல்ஃபைடுக்கோ 1.76 வந்தது. அந்தத் திரவத்தில் ஒளி வளையும் கோணத்திலிருந்து கிடைக்கும் எண் ஏறத்தாழ 1.63. சோதனைப் பிழை இவ்வளவு பெரிதாக இருக்க வழியில்லை.

விடை, ராலே பிரபு ஏற்கெனவே தெளிவாக்கியிருந்த ஒரு வேறுபாட்டில் இருந்தது. ஒரு பெரிய கல்லைக் குளத்தில் எறிந்து, பரவிச் செல்லும் அலைவளையத்தை உற்றுப் பாருங்கள். வளையம் முழுவதும் ஒரு வேகத்தில் நகரும். அதற்குள் இருக்கும் தனித்தனி முகடுகள் அதைவிட விரைவாக ஓடும். வளையத்தின் உள்விளிம்பில் புதிதாக ஒரு முகடு எழும், வளையத்தினூடே முன்னேறும், வெளிவிளிம்பை எட்டியதும் மறையும். முகட்டின் வேகத்தைக் கட்டத் திசைவேகம் என்கிறோம். வளையம் மொத்தமாக நகரும் வேகம் தொகுதித் திசைவேகம். அலைநீளத்துக்கு அலைநீளம் வேகம் மாறும் எந்த ஊடகத்திலும் இவ்விரண்டும் வேறுபடும்.

ஒளி வளைவது அலைமுகடுகள் திரும்புவதால். ஆகவே கோணங்களிலிருந்து கிடைக்கும் ஒளிவிலகல் எண் கட்டத் திசைவேகத்தைச் சொல்கிறது. மைக்கெல்சனின் சுழலும் கண்ணாடியோ ஒளியைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பியது. துண்டுகள் போவது தொகுதித் திசைவேகத்தில். கார்பன் டைசல்ஃபைடு நிறங்களை வலுவாகப் பிரிக்கும் திரவம் என்பதால் அதில் இரண்டும் வெகுவாக விலகி நின்றன. தொகுதிக்கு உரிய எண்ணைக் கணக்கிட்டபோது அது மைக்கெல்சனின் அளவீட்டை நெருங்கி வந்தது. நீரில் நிறப்பிரிகை குறைவு. மஞ்சள் ஒளிக்குக் கட்டத்தின் எண் 1.333, தொகுதியின் எண் 1.35. அதனால்தான் அங்கே முரண்பாடு கண்ணில் படவில்லை. ஓடிடிஆர் கேட்பதும் தொகுதிக்கு உரிய எண்ணைத்தான், ஏனென்றால் அது அனுப்புவது துடிப்பு.

அந்த எண்ணின் நடைமுறை எடை பெரிது. 1.468-இன்படி இழையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 4.9 மைக்ரோநொடி ஆகிறது. சென்னைக்கும் அந்தமான் தீவுகளுக்கும் இடையிலான கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அப்போது போர்ட் பிளேர் எனப்பட்ட தீவுத் தலைநகர் சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,360 கிலோமீட்டர். அவ்வளவு நீள இழையில் ஒருவழிப் பயணத்துக்கு 7 மில்லிநொடிக்கும் சற்றுக் குறைவு. அதுவரை தீவுகள் நம்பியிருந்த புவிநிலைச் செயற்கைக்கோள் வழியில் ஒளி வெற்றிட வேகத்திலேயே சென்றாலும், ஏறி இறங்க 72,000 கிலோமீட்டருக்கும் குறையாது, 240 மில்லிநொடி. மெதுவான ஊடகம் குறுகிய பாதையால் வெல்கிறது.

ஒளி ஏன் மெதுவாகிறது? ஒளி அணுக்களில் முட்டி மோதி, ஒவ்வொன்றாலும் விழுங்கி உமிழப்பட்டுத் தாமதிக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இது தவறு. அப்படி நடந்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும், கண்ணாடி பால்போல் வெளுத்துத் தெரியும். உண்மையில் நடப்பது இது: ஒளியின் மின்புலம் அணுக்களில் உள்ள எலக்ட்ரான்களை அதே அதிர்வெண்ணில் அலைவுறச் செய்கிறது. அலைவுறும் எலக்ட்ரான்கள் தாமும் அலைகளை வெளியிடுகின்றன. மூல அலையும், இந்தக் கோடானுகோடி சிற்றலைகளும் வெற்றிட வேகத்தில்தான் செல்கின்றன. அவை எல்லாம் மேற்பொருந்திக் கிடைக்கும் கூட்டலையின் முகடுகள் மட்டும் ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது பின்தங்குகின்றன. அந்தப் பின்னடைவின் தொகையே நாம் அளக்கும் ஒளிவிலகல் எண். எலக்ட்ரானை வில்லில் கட்டிய எடையாகக் கருதி லோரன்ட்ஸ் இதைக் கணிதமாக்கினார்.

சர்க்கரை ஆலைகளில் கரும்பின் தரம் பார்ப்பது இந்த உண்மையை வைத்துத்தான். கரும்புச் சாற்றில் ஒரு துளியைக் கையடக்க மானியின் பட்டகத்தில் விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். உள்ளே வெளுப்பும் நீலமும் சந்திக்கும் கோடு எந்தப் புள்ளியில் நிற்கிறதோ அதுவே சர்க்கரை அளவைச் சொல்லும் பிரிக்ஸ். நீரில் எடையில் 20 விழுக்காடு சர்க்கரை கரைந்தால் எண் 1.333-லிருந்து 1.364-க்கு ஏறுகிறது. சர்க்கரை மூலக்கூறுகள் தம் எலக்ட்ரான்களோடு வந்து சேர்ந்ததன் கணக்கு அது.

லோரன்ட்ஸின் படம் நிறப்பிரிகையையும் விளக்கிவிடுகிறது. கண்ணாடியில் எலக்ட்ரான்களின் இயல்பு அதிர்வெண் புறஊதாப் பகுதியில் இருக்கிறது. நீல ஒளி அதற்கு நெருக்கமானது. சிவப்பைவிடக் கூடுதலாக எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. ஆகவே அதிகம் பின்தங்குகிறது. மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளுக்கு வந்த ஒரு சிக்கலும் இங்கே தீர்கிறது. ஒளிவிலகல் எண் மின்காப்பு மாறிலியின் வர்க்கமூலம் என்பது அவர் கோட்பாடு. நீரின் மாறிலி 80. வர்க்கமூலம் 9-க்கு அருகில், ஒளிக்கோ 1.333. நீர் மூலக்கூறு முழுவதுமாகத் திரும்பி ஆடுவதால் வரும் மதிப்பு அந்த 80. ரேடியோ அலைகளுக்கு ஈடுகொடுத்து மூலக்கூறால் அப்படித் திரும்ப முடியும். நொடிக்கு ஐந்நூறு லட்சங்கோடி முறை அதிரும் ஒளிக்கு முடியாது, எலக்ட்ரான்கள் மட்டுமே ஆடும். ரேடியோ அலைகளுக்கு நீரின் ஒளிவிலகல் எண் உண்மையிலேயே 9-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரே ஓர் ஒளிவிலகல் எண் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இயல்பு அதிர்வெண்ணைத் தாண்டி மேலே போனால் எலக்ட்ரான்கள் எதிர்க்கட்டத்தில் ஆடத் தொடங்கும். கூட்டலையின் முகடுகள் பின்தங்குவதற்குப் பதில் முந்தும். எக்ஸ் கதிர்களுக்குக் கண்ணாடியின் எண் 1-க்குச் சற்றுக் குறைவு; குறைவு மிகச் சிறிது. கட்டத் திசைவேகம் வெற்றிட ஒளிவேகத்தைத் தாண்டிவிடுகிறது என்பதே இதன் பொருள். சார்பியல் இதனால் உடைவதில்லை, முகடுகள் மட்டும் ஓடுவதில் எந்தச் செய்தியும் போவதில்லை. பயனோ பெரிது. வெற்றிடத்திலிருந்து கண்ணாடியை உரசியபடி வரும் எக்ஸ் கதிர் முழுமையாக எதிரொளிக்கிறது; 1920-களின் தொடக்கத்தில் ஆர்தர் காம்ப்டன் கண்டது இது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-இல் விண்ணுக்குச் சென்ற சந்திரா தொலைநோக்கி, எக்ஸ் கதிர்களைக் குவிப்பது இத்தகைய உரசல் எதிரொளிப்பால்தான்.

நம் கைபேசியின் இடங்காட்டிக்குள்ளும் இதே இயற்பியல் வேலைசெய்கிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலத்தில் ரேடியோ அலைகளின் ஒளிவிலகல் எண் 1-க்குக் குறைவு. ஜிபிஎஸ் சமிக்ஞை அதைக் கடக்கும்போது முகடுகள் எவ்வளவு முந்துகின்றனவோ, செய்தி தாங்கிய துடிப்புகள் அவ்வளவே தாமதமாகின்றன. அதைத் திருத்தாவிட்டால் இடம் பல மீட்டர் பிசகும். தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், இரண்டு அதிர்வெண்களை ஒப்பிட்டு அதை நீக்கிவிடலாம். நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் என வெவ்வேறு அலைவரிசைகளில் ஒலிபரப்புவதன் பயன் இதுதான். காந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் இங்கே அயனி மண்டலம் தனிப்போக்குடையது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதும் அதனால்தான்.

தொகுதித் திசைவேகம் எவ்வளவு தூரம் போகும்? 1999-இல் ஹார்வர்டைச் சேர்ந்த லேனே ஹவ் குழு, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்வித்த சோடியம் அணுக்களில் ஒளித்துடிப்பை நொடிக்கு 17 மீட்டருக்குக் கொண்டுவந்தது. ஒளிவிலகல் எண் கோடிக்கணக்காகிவிட்டது என்று பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அந்த அணுமேகத்தின் ஒளிவிலகல் எண் 1-ஐ ஒட்டியேதான் இருந்தது. அதிர்வெண்ணோடு அது மாறும் வீதம் மட்டும் செங்குத்தாக்கப்பட்டது, துடிப்பை மெதுவாக்க அது போதும். 2000-இல் பிரின்ஸ்டனில் லிஜுன் வாங் குழு சீசியம் ஆவியில் தொகுதியின் எண்ணை −310 ஆக்கியது. துடிப்பின் உச்சி கலத்துக்குள் நுழையும் முன்பே மறுபுறம் வெளியேறியது. செய்தி அப்போதும் ஒளியை முந்தவில்லை. அலையின் முதல் விளிம்பு எந்த ஊடகத்திலும் வெற்றிட வேகத்தைத் தாண்டாது என்று சோமர்ஃபெல்டும் பிரில்வானும் 1914-இலேயே காட்டிவிட்டார்கள். சீசியத்தில் நடந்தது, துடிப்பின் முன்பகுதியிலேயே இருந்த தகவலிலிருந்து உச்சி மறுவடிவம் பெற்றது.

ஊடகமே நகர்ந்தால் என்ன ஆகும் என்பது தனிக் கிளை. 1851-இல் ஃபீஸோ, ஓடும் நீரில் ஒளியைச் செலுத்தி, நீர் தன் வேகத்தில் ஒரு பங்கை மட்டும், ஏறத்தாழ 44 விழுக்காட்டை, ஒளிக்குத் தருவதைக் கண்டார். ஃபிரனெல் 1818-இல் முன்கூட்டியே சொன்ன அளவு அது. 1907-இல் லாவே, ஐன்ஸ்டைனின் திசைவேகக் கூட்டல் விதியிலிருந்து அதை இரண்டே வரியில் வருவித்தார். இன்னொரு கிளை ஒளியின் உந்தம். கண்ணாடிக்குள் அது கூடுகிறது என்றார் மின்கோவ்ஸ்கி, குறைகிறது என்றார் ஆபிரகாம். நூறாண்டு நீண்ட அந்த வாதத்தில் 2010-இல் ஸ்டீவன் பார்னட் தந்த தீர்வு எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது: இரண்டும் வெவ்வேறு உந்தங்கள். ஒன்றில் கட்டத்தின் எண்ணும் மற்றதில் தொகுதியின் எண்ணும் வருகின்றன. அதே பழைய வேறுபாடு, வேறு உருவில்.

கட்டத் திசைவேகம் வெறும் கணக்கு எண் அல்ல என்பதற்கு அணு உலைகளின் நீரில் தெரியும் நீல ஒளியே சான்று. நீரில் அலைமுகடுகள் செல்லும் வேகத்தை ஓர் எலக்ட்ரான் தாண்டினால் செரன்கோவ் கதிர்வீச்சு பிறக்கிறது. 1935-36-இல் பெங்களூரில் திருச்சிராப்பள்ளிக்காரரான சி.வி. ராமனும் நாகேந்திர நாத்தும் ஒலியலை பாயும் திரவத்தில் ஒளி ஏன் பல கற்றைகளாகப் பிரிகிறது என்பதை விளக்கியதும் கட்டத்தைக் கொண்டுதான். ஒலி திரவத்தை அழுத்தித் தளர்த்தும்போது ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. ஊடுருவும் அலைமுகம் அதற்கேற்ப நெளிகிறது. லேசர்க் கற்றையை ஒலியால் திருப்பும் இன்றைய கருவிகள் அந்த ஆய்வின் வழிவந்தவை.

இவ்வளவும் மேல்நிலைப் பள்ளி மாணவருக்குத் தேவையில்லை என்று சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. இன்று ஒளியிழையோடு தொழில் செய்யப்போகும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள். பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர்களும் இரண்டு காரியம் செய்தால் போதும். ஒளிவிலகல் எண் அட்டவணையின் தலைப்பில் அலைநீளத்தையும் வெப்பநிலையையும் அச்சிடுங்கள். வரையறைக்குக் கீழே, இங்கே வேகம் என்பது அலைமுகட்டின் வேகம், துடிப்பின் வேகம் வேறு என்று ஒரு வரி சேருங்கள்.